வெளிநாட்டில் மனம் குலைந்தால்: ராமநாதபுரம் கரையோரக் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் சபுராளி, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர், இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். துபாயில் ஒருவர், தம்மாமில் ஒருவர், கோலாலம்பூரில் இன்னொருவர் இருப்பார். அங்கே அவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலோ கால் முறிந்தாலோ என்ன செய்வது என்று ஊருக்கு ஓரளவு தெரியும். ஆனால், "உங்க மகன் மூணு நாளா தூங்கல, யாரோ கொல்ல வர்றாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கான், ரூம்ல எல்லாருக்கும் பயமா இருக்கு" என்று அறைத்தோழர் போன் செய்தால் வீடே திகைத்து நின்றுவிடுகிறது.

உடனே டிக்கெட் போட்டு அழைத்து வரச் சொல்கிறார் ஒருவர். கம்பெனிக்குத் தெரியவே கூடாது என்கிறார் இன்னொருவர். தெரிந்தவர் கையில் தூக்க மாத்திரை கொடுத்தனுப்பலாம் என்று யோசனை வருகிறது. எல்லாமே பாசத்தில் வருகிற பேச்சுதான். ஆனால் இந்த மூன்று யோசனைகளுமே ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடியவை.

பெரும்பாலான நாடுகளில் உதவி இருக்கிறது. நம்மவர்கள் அதை எட்டாமல் போவதற்குப் பெரிய காரணம் பயம். அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வதந்தி என்று பிரித்துப் பார்ப்பதும், விமானம் ஏறும் முன்பே என்னென்ன செய்து வைக்கலாம் என்று சொல்வதுமே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

## எது சோர்வு, எது நோய், எது அவசரம்

1. ஊர் நினைப்பும் புது இட அழுத்தமும். போன புதிதில் எல்லோருக்கும் வருவது. ஏஜென்ட் சொன்ன சம்பளம் வேறு, கைக்கு வரும் சம்பளம் வேறு என்னும்போது இன்னும் கூடும். வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இது நோயல்ல. மனம்விட்டுப் பேச ஒரு ஆள், ஒழுங்கான தூக்கம், வாரம் ஒரு நாள் வெளியே போய்வருவது ஆகியவற்றிலேயே பெரும்பாலும் தணியும்.

2. மனச்சோர்வும் பதற்றமும். வருத்தம், எதிலும் பிடிப்பின்மை, தூக்கக் கேடு, பசியின்மை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இருந்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும். நம் ஆட்கள் இதை மனசின் கோளாறாகச் சொல்வது குறைவு. நெஞ்சு படபடப்பு, தலை பாரம், உடம்பு எரிச்சல், வாயுத் தொல்லை என்றுதான் கிளினிக்கில் சொல்வார்கள். டாக்டர் இ.சி.ஜி எடுத்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார். இதுவே திரும்பத் திரும்ப நடந்தால், அடுத்த முறை தூக்கத்தையும் மனநிலையையும் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

3. மனம் நிஜத்தை விட்டு விலகுவது. இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது, நாள்கணக்கில் தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பேசிக்கொண்டே இருப்பது, கையில் இருக்கும் காசையெல்லாம் வாரி இறைப்பது. சைக்கோசிஸ், மேனியா என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். தொடர்ந்து இரவு ஷிப்ட் பார்த்துத் தூக்கம் கெடுவது மட்டுமே சிலருக்கு மேனியாவைத் தூண்டிவிடும். இது மருத்துவ அவசரம். நெஞ்சுவலிக்கு ஓடுவது போல மருத்துவமனைக்கு ஓட வேண்டும். செய்வினை, காத்து கருப்பு என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் குணமாவதைக் கடினமாக்கும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இந்த மூன்றில் எந்த நிலையிலும் வரலாம். ஒருவர் அப்படிப் பேசினால், "அப்படி ஒரு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாகிவிடாது. கேட்ட பிறகு அவரைத் தனியே விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

யாரிடம் போவது என்பதிலும் குழப்பம் உண்டு. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதலாம், மருத்துவமனையில் சேர்க்கலாம். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். பேச்சுவழிச் சிகிச்சையும் சோதனைகளும் அவர் வேலை. ஆலோசகர் என்ற பெயரைப் பலரும் போட்டுக்கொள்கிறார்கள். முதல் நிலைக்கு நல்ல ஆலோசகர் போதும். மூன்றாம் நிலைக்கு மருத்துவர் இல்லாமல் ஆகாது.

## மூன்று பயங்கள்

"வேலை போய்விடும்." இந்தப் பயத்துக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கான விசா மருத்துவப் பரிசோதனையில், முன்பு கம்கா என்றும் இப்போது வஃபித் என்றும் சொல்லப்படுவதில், மனநோய் இருப்பது தகுதியின்மைக் காரணங்களில் ஒன்று. அதனாலேயே பழைய சிகிச்சையை மறைத்து, மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. நோய் நன்றாகக் கட்டுக்குள் இருக்கும் ஒருவரை இந்த விதி மருந்தில்லாமல் போகத் தூண்டுகிறது. இதைவிட மோசமான விளைவு ஒரு விதிக்கு இருக்க முடியாது.

போய்ச் சேர்ந்த பிறகு நிலைமை வேறு. இக்காமா (தங்கும் அனுமதி) அல்லது விசா புதுப்பிக்கும்போது நடக்கும் பரிசோதனையில் முக்கியமாகப் பார்ப்பது காசநோய் போன்ற தொற்றுநோய்களை. வெளியே ஒரு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்ததாலேயே விசா ரத்தாகிவிடாது. அமீரகம் 2023-இல் மனநலத்துக்கென்று புதிய கூட்டாட்சிச் சட்டமே கொண்டுவந்தது; நோயாளியின் ரகசியத்தையும் வேலையையும் காக்கும் பிரிவுகள் அதில் உள்ளன. ஆனால் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் கம்பெனி கிளினிக்கின் கதை வேறு. அங்கே சொல்வது ஹெச்.ஆர் வரை போக வாய்ப்பிருக்கிறது. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தக் குறிப்பை யார் யார் பார்ப்பார்கள்?" கிரேன் ஓட்டுபவர், உயரத்தில் வேலை செய்பவர், கனரக வாகன ஓட்டுநர் போன்றோரைச் சில காலம் வேறு வேலைக்கு மாற்றச் சொல்லலாம். அது அவர் உயிரைக் காக்கும் ஏற்பாடு.

"போலீஸ் பிடிக்கும்." மனச்சோர்வு என்று மருத்துவரிடம் சொல்வது எந்த நாட்டிலும் குற்றமில்லை. சாக வேண்டும் போலிருக்கிறது என்று உதவி எண்ணில் சொல்வதும் குற்றமில்லை. சட்டம் பேசுவது தற்கொலை முயற்சியைப் பற்றி. அது நாட்டுக்கு நாடு மாறுகிறது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் அது குற்றமல்ல. மலேசியா 2023-இல் அந்தப் பிரிவை நீக்கியது. இலங்கை 1998-லேயே நீக்கிவிட்டது. அமீரகத்தில் இன்னும் குற்றமாகத்தான் இருக்கிறது; தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. இந்தியாவில், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்காமல் கவனிப்பு தர அரசைக் கடமைப்படுத்துகிறது. இதிலிருந்து புரிய வேண்டியது எளிது. எண்ணமாக இருக்கும்போதே உதவி கேட்பவருக்குச் சட்டத்தால் தொல்லை இல்லை.

போலீஸ் தொல்லை உண்மையில் வருவது வேறு வழியில். மனம் குழம்பிய ஒருவர் வேலையிடத்தை விட்டு நடந்தே போய்விடுவார். கம்பெனி அவரைத் தலைமறைவு என்று பதிவு செய்யும். சவூதியில் நம்மவர்கள் ஹுரூப் என்று சொல்வது இதைத்தான். பிறகு அவர் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுவார். மருத்துவமனையில் காட்டிய சீட்டு ஒன்று இருந்தால், அவர் ஓடிப்போகவில்லை, நோயில் இருந்தார் என்று தூதரகம் வாதாட அதுவே ஆதாரம். மறைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது.

"மொழி தெரியாது." மூன்றில் இதுதான் எளிதில் தீரக்கூடியது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. தமிழ் பேசும் மருத்துவரும் செவிலியரும் கிடைப்பார்கள். மலேசியாவிலும் தமிழ் பேசுபவர்கள் கிடைப்பார்கள். வளைகுடாவில் தென்னிந்திய மருத்துவர்கள் ஏராளம். தமிழ் புரிந்துகொள்ளும் மலையாள மருத்துவரும் செவிலியரும் பெரும்பாலான மருத்துவமனைகளில் இருப்பார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: மேஸ்திரியையோ சூப்பர்வைசரையோ மொழிபெயர்க்க உடன் அழைத்துப் போக வேண்டாம். அவர் முன்னால் உண்மை வெளியே வராது.

## எந்த எண் எங்கிருந்து எடுக்கும்

பலரும் தடுமாறும் இடம் இது. இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, எண் 14416. தமிழில், இலவசமாக, இரவு பகல் எப்போதும் பேசலாம். ஆனால் 14416, 104, 108 போன்ற குறும் எண்கள் இந்தியாவுக்குள் மட்டும்தான். துபாய் சிம்மிலிருந்து அடித்தால் போகாது. 1800 என்று தொடங்கும் இலவச எண்களும் பொதுவாக அப்படியே. ஊர்க் குறியீட்டோடு கூடிய சாதாரண எண்தான் வெளிநாட்டிலிருந்து எடுக்கும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண்ணை +91 44 2464 0050 என்று அடித்தால் தமிழில் பேசலாம்.

14416-ஐ வீட்டிலிருப்பவர் பயன்படுத்தலாம். அங்கே இருக்கும் தம்பியிடம் எப்படிப் பேசுவது, இந்த அறிகுறிகள் அவசரமா இல்லையா என்று ராமநாதபுரத்தில் இருந்தபடியே அக்கா கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நோயாளியே பேசினால்தான் உதவி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தந்த நாட்டுக்குள் இருந்து அடிக்க வேண்டியவை:

1. அமீரகம்: மனநல ஆதரவு எண் 800 4673. இந்தியத் தூதரகத்தின் உதவி மையமான பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா 800 46342. ஆம்புலன்ஸ் 998.
2. சவூதி: சுகாதார அமைச்சகம் 937. மனநல ஆலோசனை 920033360. ஆம்புலன்ஸ் 997.
3. கத்தார்: மனநல உதவி 16000. அவசரம் 999.
4. சிங்கப்பூர்: தற்கொலைத் தடுப்புக்கான எஸ்.ஓ.எஸ் அமைப்பு 1767. மனநலக் கழகம் 6389 2222. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகவே இயங்கும் ஹெல்த்சர்வ் 3129 5000. ஆம்புலன்ஸ் 995.
5. மலேசியா: மனநல உதவிக்கான ஹீல் எண் 15555. மன ஆறுதல் தரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929. அவசரம் 999.
6. இலங்கை: மனநல உதவி 1926, தமிழிலும் பேசலாம். ஆம்புலன்ஸ் 1990.
7. குவைத்தில் அவசர எண் 112, பஹ்ரைனில் 999, ஓமானில் 9999.

எண்கள் மாறக்கூடியவை. புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்து, போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். போனை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளும் வீட்டு வேலைப் பெண்களுக்கு அந்தத் தாள்தான் மிஞ்சும்.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தை வெளிநாட்டிலிருந்து +91 80690 09900, +91 80690 09901 ஆகிய எண்களிலும், இந்தியாவுக்குள் 1800 309 3793 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அவர்கள் மனநல ஆலோசனை தருபவர்கள் அல்ல. தூதரகத்தோடு பேசி ஆளைக் கண்டுபிடிக்கவும் ஊருக்கு அழைத்து வரவும் உதவுவார்கள்.

## மாத்திரை: விமான நிலையத்தில் மாட்ட வைக்கும் விஷயம்

மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறும்போது இயல்பாகப் பையில் இருக்கும் ஒரு மாத்திரை அட்டை, இறங்குமிடத்தில் போதைப்பொருள் வழக்காக மாறலாம். 1971-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் கீழ் பல மனநல மருந்துகள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஒவ்வொரு நாடும் அதன் மேல் தன் பட்டியலை வைத்திருக்கிறது.

கவனிக்க வேண்டிய பெயர்கள்: அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் ஆகிய மூன்றும் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தருபவை. டிரமடால் வலி மாத்திரை. கோடீன் கலந்த இருமல் மருந்து. இன்னொன்று பிரிகாபாலின். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சலுக்காக நம்மூரில் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். அமீரகத்திலும் சவூதியிலும் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மகனைப் பார்க்கப் போகும் வாப்பாவின் கைப்பையில் இது இருப்பது மிகச் சாதாரணம். மக்காவுக்கு உம்ரா செல்லும் முதியவர்களும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது:

1. பயணம் முடிவானதுமே, முடிந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே, மருத்துவரிடம் போகும் நாட்டின் பெயரைச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத மருந்துக்கு மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். மாற்றிய மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று தெரிய அவகாசம் வேண்டும். கடைசி வாரத்தில் இது நடக்காது.
2. அமீரகத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து கொண்டுபோக அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். சவூதிக்கு அந்நாட்டு உணவு மருந்து ஆணையம், சிங்கப்பூருக்கு அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையமான ஹெச்.எஸ்.ஏ.
3. மருத்துவரின் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். மருந்தின் பிராண்ட் பெயரோடு அதன் மூலப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு, என்ன நோய்க்கு என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடிதத்தில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு பொருந்த வேண்டும்.
4. மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போடாமல் அட்டையோடும் கடை பில்லோடும் கைப்பையில் வையுங்கள்.
5. அடுத்தவருக்காக மாத்திரை எடுத்துப் போகாதீர்கள், கொடுத்தும் விடாதீர்கள். சோத்துப் பொட்டலம், ஊறுகாய், கருவாட்டோடு சேர்த்து அனுப்புகிற பழக்கத்தில் இது சாதாரணமாகத் தோன்றும். பிடிபட்டால் சிறைக்குப் போவது கொண்டுபோனவர்.

மருந்தை எடுத்துப் போவதோடு விஷயம் முடிவதில்லை. வளைகுடா வெயில் சில மருந்துகளின் போக்கையே மாற்றும். மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்குத் தரும் லித்தியம், உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் ஏறிவிடும். கை பலமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது எல்லாம் அதன் எச்சரிக்கை; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சைக்கோசிஸுக்குத் தரும் மருந்துகள் பலவும் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. இந்த மருந்து எடுப்பவருக்கு அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் போதாது, மற்ற நேரத்திலும் நிழலும் தண்ணீரும் வேண்டும். ரமலானில் நோன்பு வைப்பதென்றால் மாத்திரை நேரத்தை மாற்றுவது பற்றியும், லித்தியம் எடுப்பவர் நோன்பு வைக்கலாமா என்பது பற்றியும் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை ஊர் ஆலிம்களே எடுத்துச் சொன்னால் குற்ற உணர்வு குறையும்.

மாத்திரை தீர்ந்துபோவது இன்னொரு ஆபத்து. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். குளோனசெபாம் வகையை நீண்ட நாள் எடுத்துவிட்டுச் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரலாம். கையிருப்பு பாதியாகும்போதே அங்குள்ள மருத்துவரைப் பார்த்து அதே மூலப்பெயரில் சீட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி.

## ஊர் டாக்டரிடம் வீடியோவில் பேசலாமா

ஏற்கெனவே தெரிந்த மருத்துவரிடம் தமிழில் பேசுவதில் உள்ள ஆறுதல் வேறெதிலும் இல்லை. ஆனால் எல்லை இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், இந்திய எல்லைக்கு வெளியே உள்ளவருக்கு ஆலோசனை தருவதைத் தம் வரம்புக்குள் சேர்க்கவில்லை. இங்கே எழுதிய சீட்டை அங்குள்ள மருந்துக் கடை ஏற்கவும் ஏற்காது. ஆகவே பேச்சுவழி ஆறுதலுக்கும், பழைய சிகிச்சை விவரங்களை அங்குள்ள மருத்துவருக்குத் தெரிவிப்பதற்கும் இந்த வழி உதவும். மருந்துக்கு உதவாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது. அனுமதி பெற்ற போட்டிம், ஜூம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். ஆலோசகரிடம் நேரம் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். எட்டுப் பேர் தங்கும் அறையில் மனம்விட்டுப் பேச இடமும் கிடைக்காது. மொட்டை மாடி, பள்ளிவாசல் வளாகம், பூங்கா என்று ஓர் இடத்தை முன்பே யோசித்து வைப்பது சின்ன விஷயமாகத் தோன்றினாலும், பலரது சிகிச்சை நின்றுபோவது இதனால்தான்.

காப்பீட்டில் மூன்று கேள்விகள் போதும். மனநலச் சிகிச்சை உண்டா? வெளிநோயாளிக்கு வரம்பு எவ்வளவு? முன்அனுமதி தேவையா? அமீரகத்தில் தனியார் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு 2025 ஜனவரி 1 முதல் எல்லா எமிரேட்டுகளிலும் கட்டாயம். ஆனால் அட்டைக்கு அட்டை சலுகை மாறும். சுற்றுலா, உம்ரா பயணக் காப்பீடுகளில் பல, மனநோயையும் முன்பே இருந்த நோயையும் விலக்கி வைத்திருக்கும்.

## அவசரத்தில் என்ன வரிசை

1. அறைத்தோழர்கள் அவரைத் தனியே விடக்கூடாது; வாக்குவாதமும் வேண்டாம். ஆபத்தான பொருட்களை அமைதியாக அப்புறப்படுத்திவிட்டு, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் அல்லது அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.
2. பாஸ்போர்ட், இக்காமா அல்லது அடையாள அட்டை நகல், எடுக்கும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை வீட்டிலிருந்து உடனே அனுப்ப வேண்டும். இவை வீட்டில் ஒருவரது போனில் எப்போதும் இருக்கட்டும்.
3. தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து மதத் என்ற வெளியுறவு அமைச்சக இணையதளத்திலும் புகார் பதியலாம். பதிவு எண் கிடைப்பதால் பின்தொடர முடியும். துபாய், ரியாத், ஜித்தா, கோலாலம்பூரில் இந்தியத் தொழிலாளர்களுக்கான உதவி மையங்கள் உள்ளன. வசதியற்றவருக்கு அவசர மருத்துவம், தங்குமிடம், டிக்கெட் ஆகியவற்றுக்காக 2009-இல் ஏற்படுத்திய இந்தியச் சமூக நல நிதியைத் தூதரகம் பயன்படுத்தலாம். கேட்டால்தான் கிடைக்கும், பெயர் சொல்லிக் கேளுங்கள்.
4. ஊருக்கு அனுப்புவது கடைசிப் படி. கடும் குழப்பத்தில் இருப்பவரை அப்படியே விமான நிலையத்துக்குக் கொண்டுபோனால் விமான நிறுவனம் ஏற்றாது. பறக்கத் தகுதியானவர் என்ற மருத்துவச் சான்று, பெரும்பாலும் துணைக்கு ஒரு ஆள், இரண்டும் கேட்பார்கள். சில நாள் சிகிச்சையில் நிலை சீரான பிறகே பயணம். முதல் அழைப்பிலேயே டிக்கெட் போடச் சொல்வது ஏன் தவறு என்பதற்குக் காரணம் இதுதான்.

## எல்லை தாண்டிப் பிடிபடும் மீனவர்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மீனவர்களும் வெளிநாட்டில் தவிப்பவர்கள்தான்; விசா இல்லாமல், ஒரே இரவில். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் எவ்வளவு நாள் சிறை என்றே தெரியாத நிலையும், படகு போனால் கடன் என்னாகும் என்ற நினைப்பும் சேர்ந்து வதைக்கும். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவுப்படி, கைதானவர் தன் நாட்டுத் தூதரக அதிகாரியைச் சந்திக்க உரிமை உண்டு. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் பிடிபட்டவர்களில் இருந்தால், குடும்பம் அதை மீன்வளத் துறை வழியாகவும் துணைத் தூதரகத்துக்கு நேரடியாகவும் முதல் நாளே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிறை மருத்துவருக்கு அது தெரிய வேறு வழியில்லை. விடுதலையாகி வந்தவர் கடலுக்குப் போகவே பயப்படுவதும், இரவில் அலறி எழுவதும், குடியில் விழுவதும் கோழைத்தனம் அல்ல. சிகிச்சை உள்ள பாதிப்பு அது. விடுதலையை வரவேற்க மாலையோடு போகும் அதிகாரிகளோடு ஒரு மனநல ஆலோசகரும் போக வேண்டும்.

## திரும்பி வந்த பிறகு

வெளிநாட்டில் மனம் குலைந்து வந்தவரைப் பல குடும்பங்கள் விமான நிலையத்திலிருந்து நேரே ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகின்றன. தர்காவில் துஆ (பிரார்த்தனை) கேட்பது அவரவர் நம்பிக்கை. அதில் கிடைக்கும் ஆறுதலை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் தப்ப முடியாமல் மாண்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வீட்டில் கட்டி வைப்பதும் இந்தத் தடைக்குள் வரும். இப்போது ஏர்வாடியிலேயே துஆவோடு மருந்தும் என்ற முறையில் மனநல மருத்துவம் கிடைக்கிறது; ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் சிகிச்சை இலவசம்.

கையில் கொண்டுவர வேண்டியவை சில உண்டு. அங்குள்ள மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம் அரபியில் இருந்தால் ஆங்கிலப் பிரதி கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் இங்குள்ள மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சம்பள பாக்கி, பணிக்கொடை ஆகியவற்றை அவசரத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். கிளம்பும் முன் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அவர் பெற்றுத் தரலாம், அல்லது பின்னர் மதத் வழியாகக் கேட்கலாம்.

வந்தவரைக் கடன்காரர்களும் உறவினர்களும் "எப்ப திரும்பப் போற?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டில் ஒரே பதில் இருக்கட்டும்: டாக்டர் சொன்ன பிறகு. சைக்கோசிஸோ மேனியாவோ வந்து குணமானவர் பல மாதம் மருந்தோடு சீராக இருக்க வேண்டும். இரவு ஷிப்ட் இல்லாத வேலையா, அந்த நாட்டில் அதே மருந்து கிடைக்குமா, அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்றா என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் அடுத்த விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும்.